ஏழு வீட்டு எச்சில்

மனித குல வரலாற்றில் நெருப்பு, சக்கரம், தடுப்பூசி ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தைப் பிடிக்கவிருக்கும் நிகழ்வு, வருகிற திங்கட்கிழமை காலை சரியாக ஆறு மணிக்கு, பாரிஜாதம் ப்ரீமியர் ரெசிடென்சியின் பிரதான வாயிலில், குப்பைத் தொட்டிக்கு இடப்புறம் நடைபெறும் என்பதைக் குடியிருப்போர் நலச் சங்கம் பெருமிதத்துடன் அறிவித்துக்கொள்கிறது.

சுற்றறிக்கையின் அடியில், சங்கத் தலைவர் மெய்கண்டான், சட்டக் கல்லூரி முதல்வர் (ஓய்வு) என்று கையெழுத்து இருந்தது. குப்பைத் தொட்டி சமாச்சாரத்தைச் சேர்த்தவர் அவரல்ல, செயலாளர் உமாபதி. "அடையாளம் சொல்லலேன்னா யாராவது தொட்டியில துப்பிட்டுப் போயிடுவாங்க சார்" என்று உமாபதி சொன்னபோது, நெருப்புக்கும் சக்கரத்துக்கும் இந்த மாதிரிச் சிக்கல்கள் இருந்திருக்காது என்று மெய்கண்டான் நினைத்துக்கொண்டார்.

ஊமைக் காய்ச்சல் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் காய்ச்சலில் காய்ச்சல் கிடையாது. இருமல், தும்மல், உடம்பு வலி ஒன்றும் கிடையாது. வந்தவர் வயிறாரச் சாப்பிட்டு, அரசியல் பேசி, நன்றாகத் தூங்கி, நோயைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போவார். அவரும் அப்படியே. இருபதில் பத்தொன்பது பேருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இருபதாவது ஆளுக்கு மட்டும் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். அவர் ஒரு வாரம், பத்து நாள் தாங்குவார்.

நோய் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாததால், எல்லோரையும் சோதிப்பது என்று அரசு முடிவெடுத்தது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் இரண்டு நாளில் எல்லோருக்கும் வந்துவிடும். அதனால் குடும்பத் தலைவர் ஒருவர் போதும். வாரம் ஒரு முறை அட்டையைத் தேய்த்து, காகிதக் கோப்பையில் துப்பி, பெட்டிக்குள் வைக்க வேண்டும். பத்து மணிக்குக் கைப்பேசியில் முடிவு வரும். பச்சை என்றால் வாசல் கதவு திறக்கும். சிவப்பு என்றால் பதினான்கு நாள் வீட்டுக்குச் சீல். இதன் அரசாங்கப் பெயர் 'உமிழ்நீர்ப் பகுப்பாய்வு முனையம்'. ஊருக்கு அது எச்சில் பெட்டி.

இந்தப் பெட்டியின் வரலாற்றில் மெய்கண்டானுக்கு ஒரு பங்கு உண்டு. 'பெட்டிக்கு நோயைத்தான் தெரியலாம், ஆளைத் தெரியக் கூடாது. குடிமகனின் எச்சில் குடிமகனின் அந்தரங்கம்' என்று நாற்பது பக்கத்துக்கு மனு எழுதி அனுப்பியவர் அவர். அரசும் ஏற்றுக்கொண்டது. பத்திரிகையில் வந்த அந்தத் துண்டுச் செய்தியை லேமினேட் செய்து, விருந்தாளிகள் உட்காரும் சோபாவுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்.

முதல் திங்கட்கிழமை அவரே குத்துவிளக்கேற்றிப் பெட்டியைத் திறந்துவைத்துப் பேசினார். "தனக்குப் பதிலாக இன்னொருவரைத் துப்பவைக்கிறவன் மனித குலத்தின் பகைவன்." பலமாகக் கைதட்டினார்கள். பிறகு அவர் துப்பினார். பிறகு கைதட்டியவர்கள் துப்பினார்கள்.

சிக்கல் இரண்டாவது வாரம் தொடங்கியது. சோதனைக்கு முன் பல் விளக்கக் கூடாது, காபி குடிக்கக் கூடாது. விடியற்காலை ஆறு மணிக்கு, விளக்காத வாயோடு, நைட்டியிலும் லுங்கியிலும், முன்னால் யாரோ ஒருவருடைய டிரைவர், பின்னால் யாரோ ஒருவருடைய சமையல்காரர் என்று வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வங்கி மேலாளர் ஒருவர், எதிர் பிளாக் பல் டாக்டருக்கு முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பியதில் கோப்பை தவறிவிட்டது.

"கரென்ட் ஆபீஸ் வரிசைக்கு யாரை அனுப்பறோம்? ரேஷனுக்கு யாரை அனுப்பறோம்?" என்றாள் மெய்கண்டானின் மனைவி கற்பகவல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு. "இதுவும் வரிசைதானே. பெட்டிக்கு ஆளைத் தெரியாதுன்னு நீங்கதானே நாப்பது பக்கம் எழுதினீங்க?"

"அதுக்கு அர்த்தம் அது இல்ல."

"அப்ப நாளைக்கு நீங்களே போங்கோ. பல்லு விளக்காம."

மறுநாள் போனது கன்னியம்மா.

கன்னியம்மா அந்தப் பிளாக்கில் ஏழு வீடுகளில் வேலை செய்தாள். காலையில் முதலில் வேலைக்குப் போவது மெய்கண்டான் வீட்டுக்கு. ஒரு வீட்டுக்குத் தெரிந்தது ஏழு வீட்டுக்கும் தெரிய ஒரு நாள் போதும். அடுத்த வாரமே ஏழு அட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, பல் விளக்காமல், டீ குடிக்காமல் வந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

முதல் மூன்று கோப்பை சுலபமாக நிரம்பும். நான்காவதில் வாய் வறண்டுவிடும். "அஞ்சாவதுக்குப் புளியங்கா நெனச்சிப்பேன் சார்" என்று ஒரு நாள் அவள் பெருமையாகவே சொன்னாள். "ஆறாவதுக்கு மாங்கா, உப்பு, மொளகாத்தூளு. ஏழாவதா தேய்க்கிறது உங்க வூட்டு கார்டு. அதுக்கு ஒண்ணும் நெனப்பு வராது. சும்மா நின்னுனே இருப்பேன், தானா ஊறும்."

மெய்கண்டான் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் திட்டில், கன்னியம்மா டீ குடிப்பதற்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் எச்சில் மற்ற டம்ளர்களில் பட்டுவிடக் கூடாது என்பதில் கற்பகவல்லி கண்ணும் கருத்துமாக இருந்தாள். அதே எச்சில் வாராவாரம் மெய்கண்டான் என்ற பெயரில் அரசாங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தன் பெயரில் கன்னியம்மா ஒரு முறைகூடத் துப்பியதில்லை. அவள் குடியிருப்பின் பெட்டி ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஏழு மணிக்கு அவள் இங்கே இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அதனால் அவளுக்கு நோய் இல்லை என்று மெய்கண்டானே ஒரு விலக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அடியில் சங்கத்தின் ரப்பர் முத்திரை.

பதினோராவது திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, மெய்கண்டானின் கைப்பேசி சிவப்பாக ஒளிர்ந்தது.

அவர் முதலில் பயந்தது உயிருக்காக. அந்தப் பயம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. உமாபதி கூப்பிட்டு, "சார், நம்ம பிளாக்ல ஏழு வீடு சிவப்பு. 2-ஏ, 2-சி, 3-பி..." என்று படிக்கத் தொடங்கியபோது, மீதி நான்கை மெய்கண்டானே மனசுக்குள் சொல்லிவிட்டார். அது கன்னியம்மா வேலை செய்யும் வரிசை.

அரை மணி நேரத்தில் ஏழு குடும்பத் தலைவர்களும் கைப்பேசித் திரையில் கூடினார்கள். ஏழு பேருக்கும் தெரியும், மற்ற ஆறு பேருக்கும் தெரியும் என்று.

"நமக்கு ஒண்ணும் இல்ல" என்றார் வங்கி மேலாளர். "இருந்தாலும் இருக்குன்னே வச்சுப்போம். பதினாலு நாள் தானே. நான் ரொம்ப நாளா ஒரு சீரியல் பாக்கணும்னு இருந்தேன்."

"உண்மையைச் சொன்னா?" என்றது ஒரு குரல்.

"ஆள்மாறாட்டத்துக்கு ஆறு மாசம் உள்ளே. வாசல்ல போட்டோவோட பேர் ஒட்டுவாங்க. சாரைக் கேளுங்க, அவர்தான் லா."

எல்லோரும் திரையில் மெய்கண்டானைப் பார்த்தார்கள். "சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றார் அவர். பிறகு, "அந்தப் பொண்ணோட புருஷன்..." என்று ஆரம்பித்தார்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது சார். ஊமைக் காய்ச்சல்தானே. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

புருஷனைப் பற்றி மெய்கண்டான் மறுபடி பேச்செடுக்கவில்லை. ஏகாம்பரம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். அந்த மூன்று நாளும் கன்னியம்மா ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவாள். ஏழு வீட்டுக்கும் அது தெரியும்.

பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சீல் வைத்த வீடுகளுக்குச் சாமான் கொண்டுவந்து தர, விலக்குச் சீட்டு உள்ளவர்களுக்கு அனுமதி உண்டு. பால் பாக்கெட்டோடு கன்னியம்மா நின்றாள். பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு நகரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு."

"ஏழு வூடும் செகப்புன்றாங்க. ஏழு வூட்டுக்கும் துப்புனது நானு. அப்ப நோவு எனக்குத்தான இருக்குது?"

முப்பத்தைந்து வருடம் சட்டம் சொல்லிக்கொடுத்தவரிடம் அப்படி ஒரு நேரான கேள்வியை எந்த மாணவனும் கேட்டதில்லை. உள்ளே கற்பகவல்லி மிக்ஸியை நிறுத்தினாள்.

"அது அப்படி இல்ல கன்னியம்மா" என்றார் மெய்கண்டான். "மிஷின் தப்பு. அந்த பேட்ச் கோப்பைகள்ல ஏதோ கோளாறு. எழுதிப் போட்டிருக்கோம்."

"கோளாறா?"

"ஆமா. கோளாறு."

அவள் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னா சரிதான் சார். எனக்குப் பயமாப் போச்சு. அந்த மனுசன் ஒடம்புதான் தெரியுமே."

அவள் இரண்டு படி இறங்கிய பிறகு மெய்கண்டானுக்குப் பாதி மனசாட்சி வந்தது. முழுசும் வந்திருந்தால் வாய் திறந்திருக்கும். பாதி வந்ததால், "கன்னியம்மா, நீ ஒரு ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோயேன்" என்றார்.

அவள் சட்டென்று திரும்பினாள். "வேலைய வுட்டு நிறுத்துறீங்களா சார்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"சே, சே. சும்மா சொன்னேன். வீட்டுல கொஞ்சம் தள்ளியே படு. நோய்க் காலம் பாரு, ஒரு பாதுகாப்புக்கு."

கன்னியம்மா சிரித்தாள். "பத்துக்குப் பத்து ரூம்பு சார். தள்ளிப் படுக்கணும்னா அந்த மனுசன் தெருவுலதான் படுக்கணும்."

படி இறங்கும்போதும் சிரித்துக்கொண்டே போனாள்.

"நல்லவேளை" என்றாள் கற்பகவல்லி. மிக்ஸி மறுபடி ஓடியது. அன்று தேங்காய்ச் சட்னி.

ஐந்து நாள் அப்படியே போயிற்று. நாள்தோறும் மணி அடிக்கும், பால் வரும், காய்கறி வரும், குப்பை போகும். ஏழு வீட்டிலும் நோய் இல்லாத நோயாளிகள் படுத்துக்கொண்டு சீரியல் பார்த்தார்கள். நோய் இருந்தவள் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி அவர்களைக் கவனித்துக்கொண்டாள். மற்ற பிளாக்குக்காரர்கள் கைப்பேசியில் "தைரியமாக இருங்கள், போராளிகளே" என்று பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். மெய்கண்டான் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்.

சனிக்கிழமை கன்னியம்மா வரவில்லை. வேறொருத்தி பால் கொண்டுவந்தாள். "அந்தக்கா வூட்டுக்காரரை ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்கோ. மூச்சு வாங்குதாம்."

அன்று மெய்கண்டான் சாப்பிடவில்லை. கற்பகவல்லி கேட்டதற்கு, பசிக்கவில்லை என்றார். லேமினேட் செய்த துண்டுச் செய்தியை ஆணியிலிருந்து எடுத்து அலமாரிக்குப் பின்னால் செருகினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்க்க இன்னும் மோசமாக இருந்ததால் மறுபடி மாட்டினார். பிறகு சோதனைப் பிரிவின் எண்ணுக்கு, நேரில் ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்று செய்தி அனுப்பினார்.

மறுநாள் காலை, தலை முதல் கால்வரை வெள்ளைக் கவசம் போட்ட ஒரு பெண் வந்தாள். நெஞ்சில் ஜெசிந்தா, கள அலுவலர் என்று எழுதியிருந்தது. வாசலிலேயே நின்றாள். மெய்கண்டான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னார்.

"மேடம், எங்க ஏழு வீட்டு மாதிரியும் எங்களோடது இல்ல. ஒரே ஒரு அம்மாவோடது."

பூமி பிளக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். ஜெசிந்தா கையிலிருந்த பலகைத் திரையைத் தட்டினாள்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"பேர் தெரியாது. நீங்கதான் பேர் வேணாம்னு மனு போட்டீங்களே. ஆனா பெட்டிக்கு வாய் தெரியும். ஒரே வாய் ரெண்டு தடவை வந்தா அதுக்குப் புரிஞ்சிடும்." திரையை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க ரெசிடென்சியில மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு கார்டு. முப்பத்தொரு வாய்."

மெய்கண்டான் அந்த எண்ணை இன்னொரு முறை படித்தார். "அப்ப நீங்க ஏன் ஒண்ணும்..."

"ஊர் முழுக்க இதே கதைதான் சார். பெரிய பெரிய அபார்ட்மெண்ட் எல்லாம் முப்பது வாய், நாப்பது வாய். வீட்டு வேலை செய்யறவங்க, டிரைவருங்க, வாட்ச்மேனுங்க. அவங்களையே திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்றோம், அவங்க பேருல மட்டும் பண்றதில்ல. தொண்ணூத்தொன்பது சதவீதம் பேரைச் சோதிச்சாச்சுன்னு மேல அறிக்கை போயிடுச்சு. அதைப் போய் பதினாலு சதவீதம்னு யார் மாத்தி எழுதறது?"

"தப்பில்லையா?"

"தப்புதான் சார்" என்றாள் ஜெசிந்தா. அவள் குரலில் கிண்டல் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "திங்கக்கிழமையே நீங்க அந்த அம்மா பேரைச் சொல்லியிருந்தா, அன்னிக்கே அவங்களுக்கு விடுதியில ரூம் குடுத்திருப்போம். வீட்டுக்காரரைத் தனி வார்டுக்கு மாத்தியிருப்போம். வாய் தெரியுதே தவிர, அது யாரோட வாய்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

"இப்பவும் அவ ஆஸ்பத்திரியில மத்தவங்க கூடத்தானே உக்காந்திருப்பா. இப்பச் சொன்னா?"

அவள் பலகையில் ஒரு படிவத்தைத் திறந்து, பேனாவோடு நீட்டினாள். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எப்பலேருந்து தெரியும்னு ஒரு கட்டம் இருக்கு, அதையும் நிரப்பணும். மத்ததைச் சட்டப்படி பாப்பாங்க."

"பேரை வாசல்ல ஒட்டுவாங்களா?"

"ஒட்டுவாங்க."

மெய்கண்டான் பேனாவை வாங்கினார். படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மூன்றாவது பத்தியில் ஒரு இலக்கணப் பிழை இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினார். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்து, "இது ஏழு பேர் சம்பந்தப்பட்டது. கமிட்டியைக் கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்றார்.

ஜெசிந்தா பேனாவை உறையில் போட்டுக்கொண்டாள். "கவலைப்படாதீங்க சார், அடுத்த மாசம் பெட்டிக்குப் புது மென்பொருள் வருது. ஒரு கார்டுக்கு ஒரே வாய்னு பூட்டிடும். ஆள்மாறாட்டம்ங்கிற பேச்சே இருக்காது."

கமிட்டி புதன்கிழமை கூடுவதாக இருந்தது. ஐந்து பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நான்கு பேர்தான் திரைக்கு வந்தார்கள். வங்கி மேலாளர் சீரியலின் கடைசிப் பகுதியில் இருந்தார். வியாழக்கிழமை ஏகாம்பரம் இறந்துபோனார்.

சங்கத்தின் சார்பில் ஒரு மாலை அனுப்பினார்கள். 'பாரிஜாதம் குடும்பம்' என்று அதில் ரிப்பன் கட்டியிருந்தது.

சீல் பிரித்த பிறகும் மெய்கண்டான் வெளியே நடமாடவில்லை. கன்னியம்மா காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினாள். பாத்திரம் விழும் சத்தம் வந்தாலே அவர் பால்கனிக்குப் போய்விடுவார். நான்கைந்து முறை பேச வாயெடுத்தார். ஒரு முறை, "சாப்பிட்டியா?" என்றார். இன்னொரு முறை ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கிவைத்தார். கன்னியம்மா டீ குடிக்க அதைத் தேடி எடுத்து, குடித்துக் கழுவி, திரும்ப ஜன்னல் திட்டிலேயே கவிழ்த்தாள்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, கற்பகவல்லி எழுந்திருக்கும் முன்பே மெய்கண்டான் எழுந்தார். பல் விளக்கவில்லை. கன்னியம்மா எடுத்துப்போவதற்காகக் கதவருகே ஆணியில் தொங்கிய தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு கீழே போனார். இனிமேலாவது தன் எச்சிலைத் தானே துப்புவது என்று தீர்மானித்திருந்தார். அது பரிகாரம் ஆகாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் ஒரு மனிதன் எங்கேயாவது தொடங்க வேண்டும் அல்லவா? விளக்காத வாயோடு, டிரைவர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் நடுவே நின்றபோது, பல வாரங்களில் முதல் முறையாக நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. முன்னால் நின்ற டிரைவர், "சார், நீங்க எதுக்கு இங்க?" என்று பதறி வழிவிட்டான். அவர் மறுத்து, தன் முறைக்குக் காத்திருந்தார்.

அட்டையைத் தேய்த்தார். துப்பினார். கோப்பையை வைத்தார்.

பெட்டி கூவத் தொடங்கியது. வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. இனிமையான பெண் குரல் ஒன்று, தெருவரைக்கும் கேட்கும்படி, "எச்சரிக்கை. ஆள்மாறாட்டம். இந்த அட்டைக்கு உரியவர் இவர் அல்லர். உரியவர் வந்து மாதிரி வழங்கவும்" என்றது.

அவர் மறுபடி துப்பினார். பெட்டி மறுபடி சொன்னது. வாட்ச்மேன் ஓடிவந்து, "யாரு கார்டு சார் இது?" என்றான்.

"என்னோடதுதான்ப்பா."

"இல்லேங்குதே சார்."

கதவுக்கு வெளியே, வேலைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். அதில் கன்னியம்மாவும் நின்றாள். வாட்ச்மேன் பக்கவாட்டுக் கம்பிக் கதவைத் திறந்து அவளை மட்டும் உள்ளே விட்டான். அவள் நேராகப் பெட்டிக்கு வந்தாள்.

"உங்க எச்சிய அது ஒத்துக்காது சார். போன வாரமே சொன்னானுங்க, எந்த வாய் பழகிச்சோ அதான் கடைசி வரைக்கும்னு."

"கன்னியம்மா" என்றார் மெய்கண்டான். விளக்காத வாயை அவள் பக்கம் திறக்கக் கூசிற்று. கையால் பொத்திக்கொண்டு பேசினார். "அன்னிக்கு... மிஷின் தப்பு இல்ல."

"தெரியும் சார்."

பெட்டி கூவிக்கொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரில அந்த மனுசனுக்கு முடியாமப் போனப்ப எனக்கும் எடுத்துப் பார்த்தாங்க. என்கிட்டேருந்துதான் வந்துருக்குதுன்னு சொன்னாங்க." அவள் அவர் கையிலிருந்து அட்டையை வாங்கினாள். "நவுருங்க. கேட்டு தொறக்கலேன்னா அல்லாரும் வெளியவே நிக்கணும். ரெண்டாவது வூட்டம்மா கத்தும்."

புதுக் கோப்பை ஒன்றை உருவி வாயருகே வைத்துக்கொண்டாள். எச்சில் உடனே ஊறவில்லை. அவள் எதையும் நினைத்துக்கொள்ளவும் இல்லை, சும்மா நின்றாள். மெய்கண்டானும் நின்றார். பிறகு அவள் துப்பி, கோப்பையைப் பெட்டிக்குள் வைத்தாள். கூவல் நின்றது. "நன்றி, மெய்கண்டான்" என்றது பெண் குரல். கதவு திறந்துகொண்டது.

பத்து மணிக்குக் கைப்பேசியில் முடிவு வந்தது. மெய்கண்டானுக்கு நோய் எதுவும் இல்லை.